பழவேற்காட்டுக் கடற்கழுகு

பெரம்பூர்க்காரர்களுக்குப் பருந்து புதிதல்ல. கொடுங்கையூர் குப்பைமேட்டின் மேல் கரும்பருந்துகள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வட்டமடிக்கும். கறிக்கடை வாசலில் கழிவு விழுந்தால் செம்பியத்திலும் வியாசர்பாடியிலும் ஒரு கூட்டமே இறங்கும். ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் நான் வேலை பார்த்த காலத்தில் மதியச் சாப்பாட்டை வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு கண் சோற்றிலும் ஒரு கண் வானத்திலும் இருக்க வேண்டும். மீன் வறுவல் கொண்டுவந்த நாளில் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்விடும். அந்தப் பறவைமேல் எனக்கு மரியாதை உண்டு. நகரம் வீசியெறிவதை வைத்தே குஞ்சு பொரித்துக் குடும்பம் நடத்தத் தெரிந்த பறவை அது.

ஆனால் தன் இரையைத் தண்ணீரிலிருந்து தானே அள்ளியெடுக்கும் பெரிய கழுகு ஒன்று, ஒரு ரயில் மாறி ஒரு பேருந்து ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது என்பது வடசென்னையில் பலருக்குத் தெரியாது. அதன் பெயர் வெண்வயிற்றுக் கடற்கழுகு. பழவேற்காடு ஏரியில் அதைப் பார்க்கலாம். அமெரிக்காவின் சின்னமாக உலகமே அறிந்த வெண்தலைக் கழுகுக்கு இது பங்காளி முறை. பறவையியலில் நெடுங்காலம் இரண்டையும் ஹாலியேயீட்டஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள்.

என் அக்கா மகன் மினசோட்டாவில் இருக்கிறான். அங்கே பனிக்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். உறையாமல் ஓடும் மிசிசிப்பி ஆற்றுப் பகுதிகளில் கழுகுகள் வந்து கூடும். வபாஷா என்ற சிற்றூரில் கழுகுகளுக்கென்றே ஒரு மையம் நடத்துகிறார்கள். அவன் குடும்பத்தோடு அங்கே போய்வந்து படங்கள் அனுப்பினான். "மாமா, ஒரு தடவ இங்க வாங்க. ஏரிக்கரையில மரவீடு வாடகைக்கு எடுக்கலாம். காபியைக் கையில வெச்சிக்கிட்டு ஜன்னல் வழியாவே கழுகு பார்க்கலாம்" என்றான். நல்ல படங்கள். பனிமேட்டில் மீனை மிதித்துக்கொண்டு நிற்கும் வெள்ளைத் தலையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ ஊருக்கு வா. நம்ம ஊர்க் கழுகை நான் காட்டுறேன்" என்று பதில் அனுப்பினேன். மார்கழியில் வந்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பையோடு பெரம்பூர் ஸ்டேஷனில் ஏறினோம்.

பெரம்பூர் அரக்கோணம் தடத்தில் இருக்கிறது. பழவேற்காட்டுக்குப் போக வியாசர்பாடி ஜீவா தாண்டி பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் கறுத்துக் கிடக்கும் தண்ணீரைப் பார்த்து மூக்கைப் பொத்தாதவர்கள் இல்லை. அது பக்கிங்காம் கால்வாய். 1806-இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கியது, பிறகு பழவேற்காட்டுக்கும் அதற்கு வடக்கே ஆந்திரத்துக்கும் நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களைக் கூலிக்கு வைத்துச் சென்னைக்குள் மேலும் தோண்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு தோணிகளில் ஏறி, பழவேற்காடு ஏரியைக் கடந்து, இந்தக் கால்வாய் வழியாகத்தான் சென்னை அடுப்புகளுக்கு வந்தது. உப்பும் அப்படித்தான் வந்தது. அந்த உப்பைக் கொட்டி வைத்த இடத்தை ரயில்வேக்காரர்கள் இன்றும் சால்ட் கோட்டர்ஸ் என்றே சொல்கிறோம். பெரம்பூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடையில் ரயிலும் பஸ்ஸும் வருமுன்பே தண்ணீர்வழி உறவு இருந்தது என்று அவனுக்குச் சொன்னேன். கால்வாயைத் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை.

கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினால் கிழக்குப் பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் என்று பட்டறைகளும் எண்ணெய்த் தொட்டிகளும் கன்டெய்னர் அடுக்குகளுமாக வரும். எண்ணூர் தாண்டியதும் வண்டி கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ஏறும். ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், கீழே பரந்த கழிமுகம். அந்தத் தண்ணீரில் கூழைக்கடாக்கள் மிதக்கின்றன, நீர்க்காகங்கள் கம்புகளில் இறக்கையை விரித்துக் காயவைக்கின்றன, இடுப்பளவு தண்ணீரில் நின்று இருளர்கள் இறால் பிடிக்கிறார்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து படிந்து ஆற்றின் ஆழம் குறைந்துபோன இடத்தில்தான் இவ்வளவும் நடக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து வந்து இந்தக் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. படகுகள், வலைகள், அலையாத்திச் செடிகள், வீட்டுச் சுவர்கள் எல்லாம் தார் பூசினாற்போல் ஆயின. மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் அந்த எண்ணெயை அள்ளினார்கள். இறகில் எண்ணெய் ஒட்டிப் பழுப்பாகிப்போன கூழைக்கடாக்களின் படங்கள் நாளிதழ்களில் வந்தன. எண்ணெய் ஒட்டிய இறகில் தண்ணீர் இறங்கிவிடும். பறவை குளிரில் விறைக்கும். அலகால் கோதும்போது அதே எண்ணெய் வயிற்றுக்குள் போகும். எண்ணூர்க் கழிமுகமும் பழவேற்காடு ஏரியும் உள்கழியாலும் கால்வாயாலும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. நடுவில் காட்டுப்பள்ளித் தீவு கிடக்கிறது. எண்ணூரில் ஒட்டியது பழவேற்காட்டுக்கு வராது என்று யாரும் சொல்ல முடியாது.

மீஞ்சூர் தாண்டினால் வயல்கள் வந்துவிடுகின்றன. பொன்னேரியில் இறங்கிப் பேருந்து மாறினோம். பதினெட்டு, இருபது கிலோமீட்டர் இருக்கும். கடைசிச் சில கிலோமீட்டரில் காற்றில் உப்பும் கருவாடும் கலந்துவிடும். பிறகு சட்டென்று இடப்பக்கம் முழுவதும் தண்ணீர்.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு. தெற்கு வடக்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு முனை நம்மிடம். பரப்பு பெரிதே தவிர ஆழம் கிடையாது. பல இடங்களில் ஆள் நடந்தே போகலாம். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். கோடையில் கடலைவிட உப்பு ஏறிவிடும் இடங்களும் உண்டு. இந்த ஏற்றத்தாழ்வில்தான் இறாலும் நண்டும் மடவையும் பிழைக்கின்றன, அவற்றைத் தேடிப் பறவைகள் வருகின்றன. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே தடுப்பாகக் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1971 முதல் ராக்கெட் ஏவுகிறார்கள். வெளியாட்கள் நுழைய முடியாததால் அந்தக் காடு தப்பித்தது. தமிழ்நாட்டுப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டரை 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்.

நாங்கள் தங்கியது என்னோடு வேலை பார்த்த நண்பரின் அக்கா வீட்டில். குப்பத்து வீடு. பின்பக்கம் சவுக்குக் கழி நட்டு ஓலை வேய்ந்த கொட்டாய் ஒன்று ஏரியைப் பார்த்தபடி இருந்தது. வலை வைக்கவும், பிய்ந்த கண்ணிகளை உட்கார்ந்து கட்டவும் போட்டது. அதில் இரண்டு பாய் விரித்துக் கொடுத்தார்கள். மூன்று பக்கம் தட்டி, நான்காவது பக்கம் ஏரி. "இதான் நம்ம மரவீடு" என்றேன். அவன் பையை இறக்காமல் அங்கேயே நின்று தண்ணீரைப் பார்த்தான்.

"இன்னா தம்பி, மெட்ராஸ்லேர்ந்து பறவை பாக்கவா வந்தீங்க? நாங்க தெனம் அதுங்க மூஞ்சிலதான் முழிக்கிறோம்" என்று அக்கா சிரித்தார். அவர் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஏரிப் பாடு, கடல் பாடு இரண்டும் தெரிந்தவர். சாயங்காலம் அவரே பாலம் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம் பக்கம் கூட்டிப்போனார். மேற்கே சூரியன் இறங்கும்போது ஏரியின் நடுவில் வெளுத்த கோடு ஒன்று தெரிந்தது. மேகம் என்று மருமகன் நினைத்தான். இருநோக்கியைக் கொடுத்தேன். பூநாரைகள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் அளைந்து, பாசியையும் சின்னஞ்சிறு பூச்சிகளையும் வடிகட்டித் தின்கிற பறவை. கூட்டம் எழும்பியபோதுதான் இறக்கைக்குள் ஒளித்து வைத்திருந்த சிவப்பும் கறுப்பும் வெளியே வந்தன. பெரும்பாலானவர்கள் பழவேற்காட்டுக்கு வருவதே இந்தப் பூநாரைக்காகத்தான். அது நியாயம்தான். ஆனால் நாங்கள் வந்த வேலை வேறு.

இரவு மடவைக் குழம்பும் நண்டு வறுவலும் சாப்பிட்டோம். பழவேற்காட்டுக் களிநண்டு சிங்கப்பூர் வரை விமானமேறும். நல்ல பெரிய நண்டு பெரும்பாலும் குப்பத்துச் சட்டிக்கு வருவதில்லை என்று அக்கா சொன்னார். விடியுமுன்பே குப்பம் எழுந்துவிட்டது. இஞ்சின் படகுகள் முகத்துவாரத்தைப் பார்க்கப் போகும் சத்தம், பிறகு கழி ஊன்றிப் போகும் சிறு படகுகள், பிறகு அமைதி.

வெளிச்சம் வந்ததும் முதலில் தெரிந்தது சேற்றுப் பூனைப்பருந்து. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வருவது. கரையோரக் கோரைமேல், ஆள் உயரத்தில், இறக்கையை லேசாக உயர்த்திப் பிடித்து மிதந்து போகும். அது போகும் வழியில் தண்ணீரிலிருக்கும் ஊசிவால் வாத்துகளும் நாமக்கோழிகளும் ஒதுங்குமே தவிர பறந்துவிடாது. அப்புறம் செம்பருந்துகள் வந்தன. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. நம் ஜனங்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது இதைப் பார்த்துத்தான். கும்பாபிஷேகத்தில் கலசத்தில் நீர் ஊற்றுமுன் கோபுரத்துக்கு மேல் வந்து வட்டமிட வேண்டும் என்று ஊரே அண்ணாந்து காத்திருப்பதும் இதற்காகத்தான். இங்கே அது கரைக்குத் திரும்பும் படகுகளைச் சுற்றிச் சுற்றி வந்து, உதறிய வலையிலிருந்து விழும் பொடிமீனைப் பொறுக்கியது. மருமகனுக்கு அதன் தலையைப் பார்த்ததும் சந்தேகம். "மாமா, இதுவா?" என்றான். "இல்ல, பொறு" என்றேன்.

அடுத்து வந்தது விராலடிப்பான். அதுவும் வலசைப் பறவை. மீனைத் தவிர வேறெதையும் அநேகமாகத் தொடாது. உள்ளங்காலில் முள்முள்ளாகச் சொரசொரப்பு இருக்கும். வெளிவிரலைப் பின்னால் திருப்பி, முன்னால் இரண்டு பின்னால் இரண்டு என்று மீனைக் கவ்விக்கொள்ளும். காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது, காலை நீட்டியது, விழுந்தது. தண்ணீர் தெறித்தது. பறவை முழுக்கவே மறைந்துபோய், ஒரு கணம் கழித்து, ஈர இறகை உதறியபடி எழும்பியது. காலில் ஒரு மடவை. மீன் காற்றுக்குக் குறுக்கே நிற்காமல், அதன் தலை முன்னால் இருக்கும்படி பிடித்துக்கொண்டு பறந்தது.

அப்போது ஏரி முழுக்க எழுந்தது. பூனைப்பருந்துக்கு அசையாத வாத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரைவிட்டு எழும்பின. நெடுங்கால் உள்ளான்கள் கத்திக்கொண்டே சிதறின. ஆலாக்கள் மேலேறின. மாமா கையை நீட்டி, "அதோ வருது" என்றார்.

இறக்கைகளை ஆங்கில வி எழுத்துப்போல் மேல்நோக்கிப் பிடித்து, ஒரு அடிகூட அடிக்காமல் வந்தது. தலை, மார்பு, வயிறு எல்லாம் தும்பைப்பூ வெள்ளை, முதுகு சாம்பல், இறக்கையின் பின்பாதி முழுக்கக் கறுப்பு, குட்டையான ஆப்பு வடிவ வால். விரித்த இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை இரண்டு மீட்டர், நம் வீட்டு வாசற்கதவு உயரம். விராலடிப்பானுக்கு நேர் மேலே வந்ததும் சரிந்து இறங்கியது. சின்னது வளைந்தது, பெரியதும் வளைந்தது. மறுபடி ஒரு முறை. மூன்றாவது முறை கால் நீண்டபோது விராலடிப்பான் மீனை விட்டுவிட்டது. விழுந்த மீன் தண்ணீரைத் தொடுமுன் கடற்கழுகு அதைத் தட்டி எடுத்துக்கொண்டு ஸ்ரீஹரிகோட்டாப் பக்கம் போய்விட்டது. மருமகன் கையில் கேமரா இருந்தது. ஒரு படமும் எடுக்கவில்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான். கண்ணால் முழுதாகப் பார்த்தான்.

பிடுங்கித் தின்பது மட்டும்தான் அதன் தொழில் என்று நினைத்துவிடக் கூடாது. வெயில் ஏறியபின் அதே கழுகோ அதன் ஜோடியோ திரும்பி வந்து தாழப் பறந்தது. விராலடிப்பானைப்போல் முங்காது. நீர்மட்டத்தை ஒட்டி வந்து, ஒரு காலையோ இரு கால்களையோ முன்னால் தள்ளி, மேல்மட்டத்தில் வரும் மீனை வாரிக்கொண்டு போகும். கடற்பாம்பையும் விடாது. ஆணும் பெண்ணும் வருடக்கணக்காகச் சேர்ந்தே வாழும். உயரமான மரத்தில் சுள்ளி அடுக்கிக் கட்டிய அதே கூட்டுக்கு ஆண்டுதோறும் திரும்பிவந்து புதுச் சுள்ளி சேர்க்கும். பெரும்பாலும் இரண்டு முட்டை. குஞ்சு பழுப்பாகத்தான் பறக்கத் தொடங்கும். வெள்ளையும் சாம்பலுமாக முழு நிறம் வர நான்கைந்து வருடமாகும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் பறவை ஓரிடத்தில் கெட்டுவிட்டால் திரும்ப வர வெகுகாலம் எடுக்கும்.

அமெரிக்காக்காரர்கள் அதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். வயலுக்கும் கொசுவுக்கும் அடித்த டிடிடி மருந்து ஏரியில் இறங்கி, பாசியிலிருந்து சிறுமீனுக்கும் சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் ஏறி, கடைசியில் அதைத் தின்ற வெண்தலைக் கழுகின் உடம்பில் திரண்டது. முட்டை ஓடு மெலிந்தது. அடைகாக்க உட்கார்ந்தால் தாயின் பாரத்திலேயே உடைந்தது. 1963-இல் அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டு மற்ற 48 மாநிலங்களில் தெரிந்த ஜோடிகள் 417-தான். ரேச்சல் கார்சன் என்ற எழுத்தாளர் 1962-லேயே புத்தகம் எழுதி எச்சரித்திருந்தார். 1972-இல் அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். 2007-இல் ஏறத்தாழ பத்தாயிரம் ஜோடிகளோடு அழிவுப் பட்டியலிலிருந்து கழுகை எடுத்தார்கள். காலங்காலமாகச் சின்னமாக இருந்தாலும் சட்டப்படி தேசியப் பறவையானது 2024 டிசம்பரில்தான். மினசோட்டாவில் மருமகன் பார்த்த கழுகு, ஒரு நாடு தன் விஷத்தை நிறுத்திக்கொண்டதால் மிஞ்சிய கழுகு. அதைத்தான் அவனிடம் அன்று காலை பேசிக்கொண்டிருந்தேன்.

நம்மிடம் எதிர்த்திசையில் போன கதை இருக்கிறது. திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து, கோயிலில் படைத்த பொங்கலை உண்டுவிட்டுப் போகும் காட்சிக்கு எத்தனை தலைமுறை போய் நின்றது! என்னையும் சிறு வயதில் கூட்டிப்போயிருக்கிறார்கள். அவை மஞ்சள்முகப் பாறு என்ற பிணந்தின்னி இனம். 17-ஆம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர்கள் அந்த மலைக்குப் போய் ஒருகல் மண்டபத்தில் தங்கள் பெயரைப் பொறித்துவிட்டு வந்திருக்கிறார்கள். 1990-களின் இறுதியில் பறவைகள் வருவது நின்றது. அதே காலத்தில்தான் மாடுகளுக்குப் போட்ட டைக்ளோபினாக் வலிமருந்தால், செத்த மாட்டைத் தின்ற பாறுகள் இந்தியா முழுக்க லட்சக்கணக்கில் மடிந்துகொண்டிருந்தன. கால்நடைக்கு அந்த மருந்து தடையானது 2006-இல். திருக்கழுக்குன்றத்தில் இன்றைக்கு மலையும் கோயிலும் படியும் அப்படியே இருக்கின்றன.

பழவேற்காட்டில் கழுகுக்கும் மீனவருக்கும் பகை இருக்கிறதா என்று மருமகன் கேட்டான். மாமா யோசிக்காமல் சொன்னார்: "அது எடுக்குறது ஒரு மீனு. அது சுத்துற எடத்துல மீனு இருக்குது. ஆலா எங்க விழுதோ அங்க வலையப் போடுன்னுதான் எங்கப்பா சொல்லிக்குடுத்தாரு." அவர்களுக்குள் பாடு முறை என்று ஒன்று உண்டு. ஏரியின் எந்தப் பகுதியில், எந்த நாளில், எந்த ஊர்க்காரர் வலை போடலாம் என்பதை ஊர் கூடிச் சுற்றுமுறையாகப் பிரித்துக்கொள்வது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது; கெட்ட இடமும் ஒருவர் தலையிலேயே விழாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பாட்டில் இருளர்களுக்குப் பங்கில்லை. பெண்கள் பறியின் வாயைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் தவழ்ந்து, கையாலேயே தடவி இறால் பிடிப்பதைக் கரையிலிருந்து பார்த்தோம். மண்ணில் எண்ணெயோ அமிலமோ கலந்தால் முதலில் வெந்துபோவது அந்தக் கைகள்தான்.

மதியம் ஊருக்குள் போனோம். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று புதர் மூடிய மண்மேடு. சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் 1690 வரை இதுதான். துணியும் வெடிமருந்தும் போக, அடிமைகளாக மனிதர்களும் இங்கிருந்து கப்பலேறினார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இந்தத் துறைமுகத்தின் பெயரில்தான் பழையகாட் கைலி உலகம் சுற்றியது. அது எங்கிருந்து வந்த பெயர் என்று தெரியாமலே மருமகனின் தாத்தா கடைசிவரை அதைத்தான் கட்டினார்.

இந்த ஏரி உயிரோடிருப்பதற்கு முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். வங்கக் கடலோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. வாயில் மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டால் கடல்நீர் உள்ளே வராது, இறால் குஞ்சு வராது, படகு வெளியே போகாது. அதே மணல் ஓட்டத்தைத் தெற்கே துறைமுகச் சுவர்கள் தடுத்தால், அதற்கு வடக்கேயுள்ள கரை அரிக்கும். எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் வந்தது. அதையொட்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. இப்போது 330 ஏக்கரில் இருக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் இருக்கிறது. கடலுக்கும் உள்கழிக்கும் நடுவில் இருக்கும் மண் ஏற்கெனவே மெலிந்த பட்டை. அது அறுந்தால் ஏரி ஏரியாக இருக்காது, கடலோடு போய்விடும். "தொறமொகம் வந்தா எங்க புள்ளைங்களுக்கு வேல குடுக்குறோம்னாங்க. எத்தினி பேருக்குன்னு கேட்டா பதிலு இல்ல" என்றார் மாமா. வேலை வேண்டாம் என்று வடசென்னையில் யாரும் சொல்ல மாட்டோம். நானே ரயில்பெட்டிப் பட்டறைச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவன். ஆனால் பட்டறையும் அனல்மின் நிலையமும் எண்ணெய்க் குழாயும் குப்பைமேடும் எல்லாம் இந்தப் பக்கமே வந்து சேர்ந்தபின், மிச்சமிருக்கும் ஒரே ஏரியையும் கொடு என்று கேட்பது அநியாயம். என் கருத்து இது, ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஆறு மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். ஒன்பதுக்கு மேல் கானலில் தூரத்துப் பறவை தெரியாது. சாதாரண இருநோக்கி போதும். பூநாரைக் கூட்டத்தைப் படத்துக்காக விரட்டி எழுப்பாதீர்கள்; எழும்பும் ஒவ்வொரு முறையும் அவற்றுக்குத் தீனி நஷ்டம். படகுச் சவாரி கேட்டு யாரையும் நச்சரிக்காதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள், குழந்தைகளோடு, இங்கே இறந்தார்கள். கரையிலிருந்தும் பாலத்திலிருந்தும் பார்ப்பதே போதும். சாப்பாட்டையும் மீனையும் குப்பத்தில் காசு கொடுத்து வாங்குங்கள். பிளாஸ்டிக் பையைத் திரும்ப எடுத்துவாருங்கள்.

காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கான மக்கள் கருத்துக் கேட்பு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. மறுபடி தேதி அறிவித்தால் பழவேற்காட்டுக் குப்பத்து ஜனங்கள் மட்டும் போய் நிற்க விட்டுவிடாதீர்கள். பெரம்பூரிலிருந்து, வியாசர்பாடியிலிருந்து, ராயபுரத்திலிருந்து, திருவொற்றியூரிலிருந்து நாமும் போய், எழுந்து நின்று, பெயரைச் சொல்லிப் பேச வேண்டும். அதற்கு முன்னால் ஒரு மார்கழிக் காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கழுகைக் காட்டிவிடுங்கள்.